காதுக்கு எட்டாத ஓட்டு

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தப் பாக்ஸ் மேல உக்காராதீங்க, அது கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போற ஸ்பீக்கர் பாக்ஸ். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேன் போடலியேன்னு பாக்காதீங்க. போட்டா லேசா ஒரு ‘டக் டக்’ வரும். மத்தவங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். அதான் போடுறதில்ல. உங்க பேரூராட்சியில ஓட்டு விழிப்புணர்வுக் கூட்டம், அதுக்கு ஆள் வாராங்கன்னு சுயம்பு டீக்கடையில இருந்து போன் வந்துட்டு. மைக் செட்டு மட்டும் போதுமா, நானும் வரணுமா? நானும் வரணும்ல? அதானே. எல்லா ஊர்லயும் அப்படித்தான் கேக்காங்க.

டீ வரட்டும், அதுக்குள்ள நடந்ததச் சொல்லிருதேன். நீங்க வேற யாரு வாயிலயாவது கேட்டிருப்பீங்க, அது சரியா இருக்காது. எங்க ஊர்க்காரங்க ஒண்ணச் சொன்னா ஒன்பதாச் சொல்லுவாங்க. நடந்தது நடந்தபடி தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்.

என் காதப் பத்தி நானே சொல்லிக்கிடக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன். தேரோட்டத்துக்கு ஊர் பூரா குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம்ல, மேலத்தெருக் குழாய்ல ஒரு திருகு லூசா இருந்தா கீழத்தெருவுல நின்னு சொல்லிருவேன். கல்யாண வீட்டு மைக்குல மாப்பிள்ளையோட தாய்மாமன் மூச்சு விடுற சத்தத்த வச்சே, ஆளு சாப்பாட்டுக்கு முன்னால சண்டை போடுவாரா, பின்னால சண்டை போடுவாரான்னு சொல்லிருவேன். என் வீட்டுக்காரி சேர்மக்கனி மட்டும் ஒத்துக்கிட மாட்டா. ‘இம்புட்டு காது இருக்குல்லா, வரும்போது உப்பு வாங்கிட்டு வாங்கன்னு நான் கத்துறது மட்டும் ஏன் விழ மாட்டேங்கு?’ம்பா. அது வேற, இது தொழில் காது. சொன்னா அவளுக்குப் புரியாது.

சேர்மக்கனி பீடி சுத்துதா. அவ மட்டுமில்ல, எங்க தெருப் பொம்பளைக முக்காவாசிப் பேரும் அதான். இலையும் தூளும் கோமதிநாயகம் முதலாளி பீடிக்கடையில வாங்கிட்டு வரணும், சுத்திக் கட்டாக்கி அங்கயே கொண்டு போய்க் குடுக்கணும். அவரு பாத்து ‘இது சரியில்ல’ன்னு கழிச்சுப் போட்டா கழிச்சதுதான். நாளைக்கு உனக்கு இலை கம்மின்னா கம்மிதான். கேள்வி கிடையாது. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னால வரும்.

எங்க தெரு முனையில ஒரு வாறுகால் இருக்கு, சாக்கடைத் தண்ணி ஓடுறது. வரும்போது மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டியிருப்பீங்க. மழை பேஞ்சா அந்தத் தண்ணி பூரா வீட்டுக்குள்ள வந்து நம்மள நலம் விசாரிச்சுட்டுத்தான் போகும். வார்டு கவுன்சிலரு முதலாளியோட மச்சினன் செல்லப்பாண்டி. ரெண்டு தடவை செயிச்சவன். ரெண்டு தடவையும் வாறுகாலப் பாத்து ‘அடுத்த மாசம்’னு சொல்லிட்டுப் போனவன். இந்தத் தடவை வார்டு பொம்பளைக கூடிப் பேசி, எதுத்த வீட்டுத் தங்கபுஷ்பத்த நிறுத்திட்டாங்க. அவளும் பீடி சுத்துறவதான். வீடு வீடாப் போயி, கூட உக்காந்து நாலு பீடி சுத்திக் குடுத்துட்டு ஓட்டுக் கேட்டா. மைக்கு கிடையாது, மாலை கிடையாது. ஆட்டோவுல குழாய் கட்டிக்கிட்டு போனது செல்லப்பாண்டி மட்டும்தான். குழாய் நம்மளுதுதான். அந்த வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நம்ம செட்டு. தொழில் வேற, ஓட்டு வேற. நான் நடுநிலை.

தேர்தல் மாசி மாசம். தை கடைசியில ஒரு புரளி கெளம்பிச்சு தம்பி. எங்க இருந்து கெளம்பிச்சு, எவன் கெளப்பினான், இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. நானும் எவ்வளவோ விசாரிச்சுப் பாத்துட்டேன்.

என்ன புரளின்னா, ஓட்டு மெஷின்ல பட்டன அமுக்கினதும் ‘கீய்ய்’னு ஒரு சத்தம் வருதுல்லா? அது சின்னத்துக்குச் சின்னம் மாறுதாம். மேல உள்ள சின்னத்துக்கு மெலிசா வருதாம், கீழ போகப் போகக் கட்டையா வருதாம். உள்ள உக்காந்திருக்க பூத் ஏஜெண்டு காத மட்டும் தீட்டி வச்சுக்கிட்டாப் போதும், யாரு யாருக்குப் போட்டான்னு ஒண்ணு விடாமச் சொல்லிரலாமாம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இதே விஷயத்த நானும் ஒரு வாட்டி சொல்லியிருக்கேன். ஆனா அது புரளி இல்ல தம்பி, அது ஆராய்ச்சி. போன பெரிய தேர்தல்ல வரிசையில நிக்கும்போது, எனக்கு முன்னால போன ரெண்டு பேருக்கும் சத்தம் ஒரு இழை வித்தியாசமாக் கேட்டுது. அதச் சுயம்பு கடையில பேச்சுவாக்குல சொன்னேன். அப்புறம் மார்கழியில, கோயிலுக்கு விடியக்காலம் செட்டுப் போட்டு பனியில நின்னு, மூக்கடைச்சுப் போயி வீட்டுல படுத்துக் கெடந்தேன். பொழுது போகல. எங்க மைக் செட்டுக்காரங்க சங்கத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதுல தொழில் ரீதியா ஒரு வாய்ஸ் போட்டேன். அவ்வளவுதான். தொழில் தெரிஞ்ச நாலு பேருக்குள்ள பேசிக்கிறது வேற, ஊருக்குள்ள புரளி கெளப்புறது வேற. இல்லையா?

புரளிக்குக் கை கால் மொளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தி, மெஷின்ல இருந்து முதலாளி வீட்டுக்கு வயரு போகுதுன்னா. இன்னொருத்தி, பக்கத்து ஊர்ல ஒரு பொம்பள ஓட்ட மாத்திப் போட்டு மறுநாளே ரேஷன் கார்டு போயிட்டுன்னா. எந்த ஊருன்னா ‘பக்கத்து ஊரு’. நான் பக்கத்து ஊருக்கே செட்டுப் போடப் போனேன். அங்க கேட்டா நம்ம ஊரச் சொல்லுதாங்க.

முதலாளி என்ன செஞ்சாரு தெரியுமா? அவரு புரளி கெளப்பல. அது உண்மை, நான் யாரு மேலயும் வீணாப் பழி போட மாட்டேன். ஆனா இல்லைன்னும் சொல்லல. இலை போடுற இடத்துல உக்காந்துக்கிட்டு, காத லேசாத் தடவி விட்டுக்கிட்டு, ‘எனக்கு எல்லாம் கேக்கும்மா’ன்னு சிரிச்சாராம். போதாதா? எங்க தெருவுல மூத்தவ இசக்கியக்கா. அவ எங்க வீட்டுக்கு வந்து ஒரே போடாப் போட்டுட்டா. ‘ஓட்டுப் போட்டாத்தான சத்தம் வரும்? போடாம வீட்டுலயே கெடந்தா எந்தப் பேய்க்குக் கேக்கும்?’ கூட உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருந்த எல்லாவளும் ஆமா ஆமான்னாளுக.

அந்த வாரத்துலதான் எனக்கே வாட்ஸப்புல வந்துச்சு. ‘சென்னை சவுண்ட் இன்ஜினியர் எச்சரிக்கை! அனைவருக்கும் பகிரவும்’னு தலைப்பு. கீழ ஒரு வாய்ஸ். போட்டுக் கேட்டேன். நல்ல விஷயம் தெரிஞ்ச ஆளுதான், அத ஒத்துக்கிடணும். நான் மனசுல என்ன நெனச்சிருந்தேனோ அதையே புட்டுப் புட்டு வைக்கான். ‘முப்பது வருஷ அனுபவத்துல சொல்லுதேன்’ங்கான். படிச்சவன் ஒருத்தன் நம்ம மாதிரியே யோசிக்கானேன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. ஆனா குரல் சகிக்கல தம்பி. மூக்கடைச்ச குரல், கீச்சுக் கீச்சுன்னு, நடுவுல ரெண்டு தும்மல் வேற. நான் மைக்குல ‘ஹலோ, டெஸ்டிங்’ தவிர ஒரு வார்த்தை பேச மாட்டேன், அறிவிப்புக்கெல்லாம் வேற ஆளு. தொழில் தெரிஞ்சவன் எங்க பேசணும் எங்க பேசக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருப்பான். இவனுக்கு அது தெரியல. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

சேர்மக்கனி பக்கத்துல உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருந்தவ, என்னைய ஏற எறங்கப் பாத்தா. ‘இன்னொரு வாட்டி போடுங்க’ன்னா. போட்டேன். ரெண்டாவது தும்மல் வந்துச்சோ இல்லையோ, சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, மடியில வச்சிருந்த சொளவு, அதான் அந்த முறம், கவுந்து இலையும் தூளும் வீடு பூராச் செதறிட்டு.

‘என்ன புள்ள, என்ன?’ன்னேன்.

‘இந்த ஆள எனக்குத் தெரியும்’ங்கா, கண்ணத் தொடச்சுக்கிட்டே.

‘யாரு?’

‘சென்னை இன்ஜினியரு’ன்னுட்டு மறுபடியும் சிரிக்கா.

பொம்பளைக சிரிக்கிறதுக்குக் காரணம் கேட்டு எவன் கண்டுபிடிச்சிருக்கான்? விட்டுட்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள தங்கபுஷ்பம் வந்துட்டா. வாசப்படியிலயே உக்காந்து அழுதா தம்பி. நெஞ்சுரம் உள்ள புள்ள, புருஷன் செத்தப்போகூட அவ ஊரு முன்னால அழுது நான் பாத்ததில்ல.

‘அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஓட்டு உனக்குத்தாம்புள்ளன்னு சொன்னவங்க, இன்னைக்கு என்னையக் கண்டா கதவச் சாத்துதாங்க. நான் தோத்தா போறேன். எல்லாரும் வந்து போட்டு நான் தோத்தாக்கூட பரவால்ல. பயந்துக்கிட்டு ஒருத்தரும் வராம தோத்தா, இனிம இந்தத் தெருவுல எவளும் எதுக்கும் நிக்க மாட்டா. காலம் பூரா அந்த ஆளு காதத் தடவுவாரு, நாம தலையக் குனிஞ்சுக்கிட்டு இலை வாங்கணும்’ங்கா.

சேர்மக்கனி அவ தலையத் தடவிக் குடுத்துக்கிட்டே என்னையப் பாத்தா. சிரிப்பே இல்ல. இப்பவே ஏதாவது செய்யுங்கங்கிற மாதிரி ஒரு பார்வை. என்னமோ நான்தான் புரளி கெளப்பின மாதிரி!

சரி, நாம இல்லாம யாரு செய்யப் போறான்னு ராத்திரி பூரா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். சத்தம் கேக்குறதுதானே பிரச்சினை? கேக்க விடாம செஞ்சிரணும். வாக்குச்சாவடி வாசல்ல ரெண்டு பாக்ஸ் வச்சு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாதஸ்வரமும் தவிலும் போட்டுவிட்டா, உள்ள எந்த ஏஜெண்டுக்கு என்ன கேக்கும்? மங்களகரமாவும் இருக்கும். செட்டு இலவசம். ஜனநாயகத்துக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?

மறுநாளே சேர்மக்கனியக் கூட்டிக்கிட்டு ஜெபராணி டீச்சரப் பாக்கப் போனேன். அவங்க எங்க பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தத் தேர்தலுக்கு ஜனங்களுக்கு விழிப்புணர்வு சொல்லுற பொறுப்ப அவங்ககிட்டதான் குடுத்திருந்தாங்க. நான் விவரத்தச் சொன்னேன்.

‘வாக்குச்சாவடி பக்கத்துல மைக்கே கட்டக் கூடாது அண்ணாச்சி, சட்டம்’னாங்க.

‘நாதஸ்வரம் கட்சிப் பாட்டு இல்லியே டீச்சர்.’

‘நாதஸ்வரமும் கூடாது, நாமாவளியும் கூடாது. எதுக்கு இதெல்லாம்?’

அப்பத்தான் புரளிய விளக்கினேன். கவனிச்சுக்கோங்க, நான் போயிச் சொன்ன பிறகுதான் அரசாங்கத்துக்கே விஷயம் தெரிஞ்சுது. ஆதாரம் வேணும்ல, அந்த வாய்ஸையும் போட்டுக் காட்டினேன். டீச்சர் என்னையப் பாத்தாங்க, போனப் பாத்தாங்க, சேர்மக்கனியப் பாத்தாங்க. சேர்மக்கனி மெதுவாத் தலைய ஆட்டினா. டீச்சருக்கும் தும்மல் வந்துட்டுப் போல, சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்புறம் என்னைய வராந்தாவுல இருக்கச் சொல்லிட்டு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்க. எனக்குக் கேக்கல. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது. வெளிய வந்து டீச்சர், ‘அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமை சந்தைத் திடலுக்கு ஓட்டு மெஷின் கொண்டு வாரோம். செட்டு நீங்க போடுங்க. ஊர்லயே பெரிய காது உங்களுதுதான். நீங்களே முன்னால உக்காந்து, சத்தத்தக் கேட்டு யாரு யாருக்குப் போட்டாங்கன்னு சொல்லணும்’னாங்க. இந்த மரியாதை எத்தனை பேருக்குக் கெடைக்கும் சொல்லுங்க? சந்தோசத்துல எனக்குச் சோறே எறங்கல.

ஞாயித்துக்கெழமை திடல்ல நிக்க இடமில்ல. பெரிய பாக்ஸ், நாலு குழாய், எல்லாம் கட்டிட்டேன். முதலாளியும் வந்து சேர் போட்டு உக்காந்திருந்தாரு, பக்கத்துல செல்லப்பாண்டி. டீச்சர் முதல்ல மைக்கப் புடிச்சு, ‘ஊரே பயப்படுற வாய்ஸ் இதுதான், எல்லாரும் ஒரு தடவை நல்லாக் கேளுங்க’ன்னு அந்தச் சென்னைக்காரன் பேச்ச என் பாக்ஸ்லயே போட்டுவிட்டாங்க. என் பாக்ஸ்ல என்ன துல்லியம் தெரியுமா! முதல் தும்மல் வந்துச்சு. திடல்ல இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்துல என் பக்கம் திரும்பினாங்க. பாக்ஸோட தரத்தப் பாத்து அசந்துட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது தும்மலுக்கு ஒரு சிரிப்பு கெளம்பிச்சு பாருங்க, முதலாளியத் தவிர ஊரே உருண்டு உருண்டு சிரிச்சுது. சுயம்பு, பெஞ்சுல இருந்து கீழ விழுந்துட்டான். அப்படிச் சிரிக்கிறதுக்குத் தும்மல்ல என்ன இருக்குன்னு எனக்கு விளங்கல. கூட்டம்னா அப்படித்தான், ஒருத்தன் சிரிச்சா எல்லாரும் சிரிப்பான்.

பிறகு சோதனை. நிஜச் சின்னம் வைக்கக் கூடாதுன்னு மெஷின்ல மூணு காய் படம் ஒட்டியிருந்தாங்க. கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய். அட்டை வச்சு மறைச்சாச்சு. நான் முதுகக் காட்டிக்கிட்டு சேர்ல உக்காந்தேன். பீடித்தெருப் பொம்பளைக வரிசையா வந்து ஒவ்வொருத்தியா அமுக்கணும், நான் சத்தத்தக் கேட்டுச் சொல்லணும். முதல்ல இசக்கியக்கா. ‘கீய்ய்.’

கண்ண மூடிக் கேட்டேன். மெலிசா இருந்துச்சு. ‘கத்தரிக்காய்’னேன்.

அடுத்தவ. கொஞ்சம் கட்டை. ‘முருங்கைக்காய்.’ அதுக்கு அடுத்தது நல்லா அடிவயித்துல இருந்து வந்துச்சு, ‘பூசணிக்காய், சந்தேகமே இல்ல’ன்னேன். ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் வேற குடுத்தேன் தம்பி, மைக்குல. ‘இந்தச் சத்தத்துல ஒரு நடுக்கம் இருக்கு, அதனால இது முருங்கை. நீளமான காய்ல’ அப்படின்னு. கடைசியா வந்தது சேர்மக்கனி. அவ கொலுச வச்சே ஆளத் தெரிஞ்சுக்கிட்டேன். ‘கீய்ய்’னுது. அவளுக்குக் கத்தரிக்காய்க் கூட்டுன்னா உசுரு. சத்தமும் கத்தரிக்காய் மாதிரியேதான் இருந்துச்சு. அடிச்சுச் சொன்னேன், ‘கத்தரிக்காய்!’

டீச்சர் மெஷினத் தெறந்து, முடிவு காட்டுற பட்டன அமுக்கி, முன்வரிசையில உள்ளவங்களக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாங்க. கத்தரிக்காய் ஒண்ணுமில்ல. முருங்கைக்காய் ஒண்ணுமில்ல. விழுந்த ஓட்டு பூராவும் பூசணிக்காய்க்கு!

அத்தனை பேரும் ஒரே பட்டனத்தான் அமுக்கியிருக்காளுக. சொல்லி வச்சு அமுக்கியிருக்காளுக. யாரு சொல்லி வச்சதுன்னு நான் கேக்கல. கேக்க வேண்டியதில்ல, கொலுசுக்காரி அங்க நின்னு முந்தானைய மடிச்சு மடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா.

ஜெபராணி டீச்சர் மைக்குல சொன்னாங்க. ‘ஒரே சத்தத்துல மூணு காயக் கேட்டுருக்காரு நம்ம அண்ணாச்சி. ஊர்லயே பெரிய காதுக்கே இதான் கதின்னா, வேற எவர் காதுக்கு நீங்க பயப்படணும்? ஓட்டு விழுந்துட்டுன்னு சொல்லத்தான் அந்தச் சத்தம். யாருக்கு விழுந்துச்சுன்னு அந்தச் சத்தத்துக்கே தெரியாது.’

கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. பாதி எனக்குத்தான். அப்ப இசக்கியக்கா எந்திரிச்சா. முதலாளிக்கு முன்னால தலை நிமிந்து பேசி நான் பாத்ததே இல்ல. ‘முதலாளி, உங்களுக்கும் எல்லாம் கேக்கும்னு சொன்னியளே, நீங்களும் ஒருக்கா வந்து இந்தச் சேர்ல உக்காருங்களேன்’னா. முதலாளி போன எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு, ‘முக்கியமான போன் வருது’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. போன் அடிக்கவே இல்ல தம்பி. அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். முப்பது வருஷக் காது எப்படித் தப்பாச் சொல்லும்னு. நீங்க கேக்க மாட்டீங்க, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. நானே சொல்லுதேன். அன்னைக்கு வெயில்ல மெஷினு சூடாயிருந்துச்சு, அது ஒண்ணு. யானைக்கும் அடி சறுக்கும், அது ரெண்டு. அதையும் விடுங்க, நான் மட்டும் அன்னைக்குச் சரியாச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? எங்க தெருப் பொம்பளைக வீட்டுக்குள்ளயே கெடந்திருப்பாங்க, தங்கபுஷ்பம் நடுத்தெருவுல நின்னிருப்பா. அதுக்காக நான் விட்டுக்குடுத்தேன்னே வச்சுக்கோங்களேன். ஒரு தொழில்காரன் தன் பேரையே விட்டுக்குடுக்கிறது லேசுப்பட்ட காரியமா?

ஓட்டு நாளன்னைக்குப் பாக்கணுமே. பீடித்தெருவே காலி. சொளவக் கவுத்து வச்சுட்டு, குளிச்சு, பூ வச்சு, பொம்பளைக வரிசை வாசல் தாண்டி ரோட்டுல நிக்கி. எங்க வார்டுல அப்படி ஒரு வரிசைய நான் பாத்ததில்ல. கண்ணுல தண்ணி வந்துட்டு தம்பி, நெசமாத்தான் சொல்லுதேன்.

பொம்பளை ஒண்ணு, ஆம்பளை ஒண்ணுன்னு மாத்தி மாத்தி விட்டாங்க. சேர்மக்கனிக்கு அடுத்து நான். எனக்கு விரல்ல மை வைக்காங்க, அவ அட்டைக்குப் பின்னால போறா. அந்த ரூமே அமைதியா இருக்கு. செல்லப்பாண்டி ஏஜெண்டு ஒரு மூலையில உக்காந்து கொட்டாவி விடுதான். நான் காதக் கூராக்கிக்கிட்டு நின்னேன்.

‘கீய்ய்ய்.’

அவ்வளவுதான். மெலிசும் இல்ல, கட்டையும் இல்ல. எல்லாருக்கும் வந்த அதே சத்தம்.

அவ வெளிய வந்தா. என்னைய ஒரு பார்வை பாத்தா. லேசாச் சிரிச்சா. கொலுசு சத்தத்தோட வாசலத் தாண்டிப் போயிட்டா. நான் மையக் காய வைக்க மறந்துட்டு நின்னேன்.

தங்கபுஷ்பம் செயிச்சுட்டா. பெரிய வித்தியாசமில்ல, செயிப்பு செயிப்புதான். முதலாளி யாரு மேல கோவப்படுறதுன்னு தெரியாம, மறுநாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இலை போட்டாரு. வாறுகால்ல பாதி வேலை நடந்திருக்கு. மீதிக்கு ‘அடுத்த மாசம்’னு தங்கபுஷ்பமும் சொன்னா. பொம்பளைக விடல, சொளவத் தூக்கிக்கிட்டு பேரூராட்சி ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்து பீடி சுத்துனாளுக. இப்ப வேலை நடக்கு.

அதுக்கப்புறம் ஊர் ஊராக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ‘அந்தச் சேர்ல உக்கார ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் வரணும்’னு. போறேன். முதுகக் காட்டி உக்காருதேன். எல்லா ஊர்லயும் தப்பாச் சொல்லுதேன். ஜனங்க சிரிக்காங்க, சிரிச்சுட்டு ஓட்டுப் போடப் போறாங்க. சந்தோசம்தான். அந்த வாய்ஸையும் எல்லா ஊர்லயும் போடுதாங்க. அந்தத் தும்மல்காரன் மட்டும் என் கையில கெடைச்சான்னா... உங்களுக்கு எங்கயாவது தகவல் தெரிஞ்சா சொல்லுங்க தம்பி. பாருங்க, உள்ள சிரிக்கா. எப்ப இந்தப் பேச்சு வந்தாலும் சிரிப்பா.

ஓட்டுப் போட்டுட்டு வந்த அன்னைக்கே அவகிட்ட கேட்டேன். ‘யாருக்குப் போட்ட?’ தங்கபுஷ்பத்துக்குத்தான் போட்டிருப்பா, ஊருக்கே தெரியும். இருந்தாலும் அவ வாயால சொல்லட்டுமேன்னு. சொல்லல. ‘உங்களுக்குத்தான் காது இருக்கே’ன்னா. மறுபடி பொங்கலுக்குக் கேட்டேன். கல்யாண நாளுக்குச் சேலை எடுத்துக் குடுத்துட்டுக் கேட்டேன். ‘சேலை நல்லாருக்கு’ன்னா.

முப்பது வருஷமா அவ மனசுல ஓடுறது அத்தனையும் எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன் தம்பி. அவ யாருக்கு ஓட்டுப் போடணும்னு முன்னெல்லாம் நான்தான் சொல்லுவேன், அவளும் சரிம்பா. அந்தச் சரிக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்ப நெனச்சா லேசாப் பயமா இருக்கு. என் வீட்டுக்குள்ளயே எனக்குத் தெரியாத ஒண்ண வச்சுக்கிட்டு ஒருத்தி நடமாடுதா. அவ நடையே மாறியிருக்கு. பயமாவும் இருக்கு, பெருமையாவும் இருக்கு.

உங்க ஊருக்கும் அவளக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன். கடைசிப் பட்டனு எப்பவும் அவதான் அமுக்குவா, அது வழக்கமாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. மத்தவங்க அமுக்கும்போதெல்லாம் நான் வாய்க்கு வந்ததச் சொல்லிருதேன். அவ அமுக்கும்போது மட்டும் ஒவ்வொரு ஊர்லயும் நெசமாவே மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கேக்கேன்.

ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு தம்பி.